வீதியும் வேகமும்

சென்னை நகரத்தில் ஜனங்கள் குடியிருக்கும் தெருக்களில் எந்த மோட்டார் வண்டியும் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் செல்லலாகாது என்ற போலீஸ் இலாகாவின் உத்தரவு 2023-ம் வருஷம் நவம்பர் மாதம் 4-ந் தேதி அமுலுக்கு வந்தது. பெரிய சாலைகளில் கார்களுக்கு 60, பஸ், லாரி, மோட்டார் சைக்கிள்களுக்கு 50, ஆட்டோ ரிக்ஷாக்களுக்கு 40 என்று தனித்தனியே வகுத்த அவ்வுத்தரவு, குடியிருப்புத் தெரு என்று வரும்போது மாத்திரம் வண்டிக்கு வண்டி பேதம் பாராட்டவில்லை. பணக்காரனுடைய காரும், பண்டம் சுமந்து பிழைக்கும் பையனுடைய மோட்டார் சைக்கிளும் அங்கே ஒரே விதிக்கு உட்பட்டவை. இவ்வளவு தெளிவும் நியாயமும் உள்ள உத்தரவுகள் நமது நகர நிர்வாகத்தில் அடிக்கடி பிறப்பதில்லை. பிறப்பித்தவர்களை நாம் பாராட்டுகிறோம்.

ஆனால் உத்தரவு பிறந்த பிறகு தெருவில் என்ன மாறிற்று? மயிலாப்பூரிலோ, மாம்பலத்திலோ, பெரம்பூரிலோ, வண்ணாரப்பேட்டையிலோ ஏதேனும் ஒரு குறுக்குத் தெருவின் முனையில் மாலை ஆறு மணிக்கு அரை மணி நேரம் நின்று பார்ப்பவர் இதற்குத் தாமே விடை காணலாம். பெரிய சாலையில் நெரிசல் கண்டதும், கையிலுள்ள டெலிபோன் காட்டும் குறுக்கு வழியை நம்பிக் கார்கள் உள்தெருக்களில் நுழைகின்றன. இழந்த நிமிஷங்களை அங்கே மீட்டுக்கொள்ளப் பறக்கின்றன. வீட்டு வாசலில் நிற்கும் கிழவி சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்கிறாள். கீரைக்காரியின் தள்ளுவண்டி சாக்கடை ஓரத்துக்குத் தள்ளப்படுகிறது. உத்தரவு இருக்கிறது, தெருவும் இருக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

இது போலீஸாரின் அசிரத்தையால் மட்டும் விளைந்ததன்று. பல்லாயிரம் தெருக்கள் உள்ள நகரத்தில் தெருவுக்கொரு கான்ஸ்டேபிளை நிறுத்த எந்த சர்க்காராலும் முடியாது. வண்டி ஓட்டுகிறவன் கெஜட்டைப் பார்த்து வேகத்தை நிர்ணயித்துக்கொள்வதில்லை. எதிரே விரிந்து கிடக்கும் பாதையைப் பார்த்தே நிர்ணயித்துக்கொள்கிறான். நேராகவும் அகலமாகவும் தடையின்றியும் இருக்கும் பாதை, "வேகமாகப் போ" என்று அவனுக்குச் சொல்கிறது. முனையில் நட்ட தகரப் பலகை "மெதுவாகப் போ" என்கிறது. தினம் நூறு முறை நடக்கும் இந்த வழக்கில் பாதையே ஜயிக்கிறது. ஆகவே தெருக்களில் வேகத்தைக் குறைப்பது, முக்கியமாக, தெருக்களைக் கட்டுகிறவர்களுடைய காரியம். அதாவது நகரசபையின் காரியம். இதை நாம் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம், நகரசபை இப்பொறுப்பைத் தன்னுடையதென்று இன்னும் முழு மனத்தோடு ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை என்பதே.

விஷயத்தின் பளுவை உணர்வதற்குச் சில எண்கள் அவசியம். 2022-ம் வருஷத்தில் இந்தியாவில் சாலை விபத்துக்களால் மாண்டவர் தொகை 1,68,491 என்று இந்திய சர்க்காரின் சாலைப் போக்குவரத்து இலாகாவே கணக்குக் கொடுத்திருக்கிறது. இவர்களில் நடந்து சென்றவர்கள் 32,825. இரு சக்கர மோட்டார் வண்டிகளில் சென்றவர்கள் 74,897. இவ்விரு வகுப்பாரையும் சேர்த்தால் மாண்டவர்களில் நூற்றுக்கு 64 பேராகிறது. நாற்புறமும் இரும்புக் கவசமுள்ள வண்டிக்குள் அமர்ந்திருக்கும் பாக்கியம் இவர்களுக்கு இல்லை. அந்த அறிக்கையே, நூறு சாவுகளில் 71 சாவுகள் அதிவேகத்தால் நேர்ந்தவை என்றும் கூறுகிறது. தமிழ்நாட்டின் நிலைமை பெருமைப்படத்தக்கதல்ல. அவ்வருஷத்தில் இங்கே நடந்த விபத்துக்கள் 64,105; எண்ணிக்கையில் இந்தியாவுக்கே முதல் ஸ்தானம். உயிரிழந்தவர்கள் 17,884; உத்தரப் பிரதேசம் ஒன்றே இதில் நம்மை மிஞ்சியிருக்கிறது.

இச்சாவுகள் நெடுஞ்சாலைகளில் நேர்ந்தவை, தெருவைப் பற்றிப் பேசும்போது இவற்றை ஏன் இழுக்கிறீர்கள் என்று சிலர் கேட்கக்கூடும். தேசிய நெடுஞ்சாலைகளில் மாண்டவர்கள் 61,038. மாகாண நெடுஞ்சாலைகளில் 41,012. மீதி 66,441 பேர் மாண்டது மற்றச் சாலைகளிலும் தெருக்களிலுமே. மூன்று பிரிவுகளில் பெரியது இதுதான். இதற்காகச் சுங்கச்சாவடி இல்லை, தனி மந்திரியில்லை, திறப்பு விழா இல்லை. அதனால்தான் யார் கண்ணிலும் படுவதில்லை போலும்.

மணிக்கு 30 என்ற எண் யாரோ அதிகாரி மனம்போன போக்கில் பொறுக்கி எடுத்ததல்ல. அதன் பின்னே பள்ளிக்கூடப் பையனும் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இருக்கிறது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் 14 மீட்டர் கடந்துவிடும். அபாயத்தைக் கண்டு, மூளை உத்தரவிட்டு, கால் பிரேக்கை மிதிப்பதற்கே ஒரு விநாடி ஆகும். மிதித்த பிறகு, காய்ந்த சாலையில் நல்ல டயர் உள்ள வண்டி நிற்பதற்கு இன்னும் 14 மீட்டர் வேண்டும். வேகம் 30 ஆக இருந்தால் முதல் விநாடியில் 8 மீட்டர். பிறகு 5 மீட்டர். ஆக 13 மீட்டரில் வண்டி நின்றுவிடும். இப்போது, 14 மீட்டர் தூரத்தில் ஒரு குழந்தை பந்தைத் துரத்திக்கொண்டு இரண்டு வண்டிகளுக்கு நடுவிலிருந்து ஓடிவருவதாக வைத்துக்கொள்வோம். 30-ல் வந்தவன் குழந்தைக்கு முன்னால் நின்றுவிடுகிறான். இருவரும் பயந்து போவார்கள், அவ்வளவே. 50-ல் வந்தவனுடைய கால் அப்போதுதான் பிரேக்கைத் தொடுகிறது. முழு வேகத்தோடு குழந்தை மேல் மோதுகிறான். மணிக்கு 50 கிலோமீட்டரில் மோதுவது ஏறத்தாழ 10 மீட்டர் உயரமுள்ள மாடியிலிருந்து விழுவதற்குச் சமானம். 30-ல் மோதினாலும் அது மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு ஒப்பாகும். முன்னதில் பிழைப்பது தெய்வச் செயல். பின்னதில் சாவது அபூர்வம்.

இந்தக் கணக்கு உலகத்துக்குத் தெரியாததல்ல. 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோம் நகரில் கூடிய உலக நாட்டு மந்திரிகளின் மகாநாடு, நடப்பவர்களும் சைக்கிளில் செல்பவர்களும் மோட்டார் வண்டிகளோடு கலந்து பழகும் இடங்களில் 30 கிலோமீட்டரே உச்ச வேகமாக இருக்கவேண்டுமென்று பிரகடனம் செய்தது. அதற்கு இரண்டு வருஷங்களுக்கு முன், 2018 ஏப்ரலில், இந்திய சர்க்கார் வெளியிட்ட அறிக்கை முனிசிபல் எல்லைக்குட்பட்ட சாலைகளில் கார்கள் 70 கிலோமீட்டர் வரை செல்லலாமென்று எல்லை வகுத்திருந்தது! அவ்வறிக்கையை 2021 ஆகஸ்டில் சென்னை ஹைக்கோர்ட்டு ரத்து செய்தது. விபத்தில் அங்கஹீனப்பட்ட ஒரு பல் வைத்தியருக்கு நஷ்டஈடு கொடுக்கும் வழக்கிலே, வேகத்தை உயர்த்துவது விபத்துக்களை உயர்த்துவதாகும் என்ற விஷயம் விசாரணைக்கு வந்தது.

மோட்டார் வண்டி நம் நாட்டுக்கு இங்கிலீஷ்காரர் மூலமாக வந்தது. "சாலை வண்டிக்கே, மனிதன் ஒதுங்கிப் போகட்டும்" என்ற மனோபாவமும் வண்டியோடு கூட இறக்குமதியாயிற்று. அவர்கள் நாட்டில் இது எப்படி நடந்ததென்று பார்ப்பது பயன் தரும். 1865-ல் அவர்கள் இயற்றிய சட்டம், தானே இயங்கும் வண்டி ஊருக்குள் மணிக்கு 2 மைலுக்கு மேல் போகக்கூடாதென்றும், அதற்கு முன்னால் ஓர் ஆள் சிவப்புக் கொடி பிடித்து நடக்கவேண்டுமென்றும் விதித்தது. இதை இன்று பரிகசிக்காதவர் இல்லை. ஆனால் 1930-ல் அதே பார்லிமெண்டு கார்களுக்கு வேக எல்லையே வேண்டாம், ஓட்டுகிறவர்களின் பொறுப்புணர்ச்சியே போதும் என்று தீர்மானித்ததை யாரும் பரிகசிப்பதில்லை. அது பிந்திய பைத்தியக்காரத்தனம். 1934-ம் வருஷத்தில் மட்டும் பிரிட்டனின் சாலைகளில் 7,343 பேர் மாண்டார்கள். கண் திறந்தது. 1935 மார்ச்சு முதல், வீடுகள் நிறைந்த பகுதிகளில் 30 மைல் எல்லை மறுபடியும் ஏற்பட்டது. அவ்வருஷமே சாவு சுமார் 6,500 ஆகக் குறைந்தது. அன்றைக்கிருந்ததைவிடப் பன்மடங்கு வண்டிகள் ஓடும் 2023-ம் வருஷத்தில் அங்கே மாண்டவர் 1,624 பேர். வண்டி பெருகினால் சாவும் பெருகியே தீரும், அது முன்னேற்றத்தின் விலை என்று நம்மவர்களில் படித்தவர்கள்கூடப் பெருமூச்சு விடுகிறார்கள். அந்த விலையைக் கொடுக்க அந்நாட்டார் மறுத்துவிட்டார்கள் என்பதே சரித்திரம்.

ஆயினும் தெருவைத் திருத்துவதில் இங்கிலீஷ்காரரைவிட ஹாலந்து தேசத்தாரே நமக்கு நல்ல ஆசான்கள். 1971-ல் அச்சிறு நாட்டில் சாலை விபத்துக்களில் சுமார் 3,300 பேர் மாண்டனர். அவர்களில் 400-க்கு மேற்பட்டவர் குழந்தைகள். மகளை விபத்தில் பறிகொடுத்த ஒரு பத்திரிகாசிரியர் 1972-ல் "குழந்தைக் கொலையை நிறுத்துக" என்ற தலைப்பில் எழுதிய கட்டுரை ஓர் இயக்கத்துக்கே பெயராயிற்று. தாய்மார்கள் தெருக்களை மறித்தார்கள். பிரதம மந்திரியின் வாசலுக்குச் சென்றார்கள். டெல்ஃப்ட் நகரத்தில் நகரசபையின் எஞ்ஜினீயர்களும் தெருவாசிகளும் சேர்ந்து நேரான தெருக்களை வேண்டுமென்றே வளைத்தார்கள். நடுவில் மரம் வைத்தார்கள். நடைபாதைக்கும் பாதைக்கும் இருந்த உயர வேற்றுமையை நீக்கி, செங்கல் பாவி, வண்டி ஓட்டுகிறவனுக்குத் தான் பிறர் வீட்டு முற்றத்தில் நுழைந்துவிட்டோம் என்ற எண்ணம் வரும்படி செய்தார்கள். வாசத் தெரு என்று பொருள்படும் 'வூனெர்ஃப்' என்று அதற்குப் பெயர். 1976-ல் சட்டமே அதை அங்கீகரித்தது. அங்கே நடப்பவனுக்கும் விளையாடும் குழந்தைக்கும் தெருவின் முழு அகலமும் சொந்தம். மோட்டார் நடை வேகத்தில் வரவேண்டிய விருந்தாளி. 2023-ல் ஹாலந்தில் சாலைகளில் மாண்டவர் 684 பேர். இவ்வளவும் தெருவைத் திருத்தியதன் பலனே என்று நாம் சொல்லமாட்டோம். சைக்கிளுக்குத் தனிப் பாதை, நல்ல வண்டிகள், கடுமையான பரீட்சைகள் எல்லாம் சேர்ந்து செய்த காரியம். ஆனால் தெருவிலிருந்துதான் அது ஆரம்பமாயிற்று.

பலகையால் பயனே இல்லையா என்று கேட்டால், நாட்டுக்கு நாடு விடை மாறுகிறது. வேல்ஸ் தேசத்தில் 2023 செப்டம்பர் முதல் வீடுகள் நிறைந்த சாலைகளில் பொதுவாக 20 மைல் எல்லை என்று சட்டம் வந்தது. சுமார் 31 லட்சம் ஜனங்களுள்ள அந்நாட்டில், அதை ரத்து செய்யும்படி கேட்ட மனுவில் ஏறத்தாழ 4,70,000 கையெழுத்துக்கள் விழுந்தன. ஆயினும் முதல் வருஷத்திலேயே அச்சாலைகளில் காயமும் சாவும் கால் பங்குக்கு மேல் குறைந்தன. சட்டத்துக்குப் பணியும் வழக்கமும், காமிராக்களும் அங்கே உண்டு. இங்கிலாந்தில் பலகை மட்டும் நட்ட குடியிருப்புத் தெருக்களைப் பரிசோதித்து 2018-ல் வெளியான சர்க்கார் ஆராய்ச்சி, வேகம் மணிக்கு ஒரு மைல்கூட முழுதாகக் குறையவில்லை என்று ஒப்புக்கொண்டது. லண்டனிலோ, மேடுகளும் குறுக்கல்களும் கட்டி 20 மைல் எல்லைக்கு உட்படுத்திய பகுதிகளில் காயமும் சாவும் நூற்றுக்கு 42 வீதம் குறைந்தன என்று 1986 முதல் 2006 வரையுள்ள கணக்குகளை ஆராய்ந்த கட்டுரை பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 2009-ல் வெளிவந்தது. அபாயம் பக்கத்துத் தெருக்களுக்குத் தாவவுமில்லை. அங்கும் சிறிது குறைந்தே இருந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், சென்னைக்கு எது பொருந்தும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. போலீஸ் பற்றாக்குறையும் மாமூலும் தெரிந்த ஊர் இது. கட்டிய மேடு லஞ்சம் வாங்காது. இரவு இரண்டு மணிக்கும் தூங்காது. மந்திரியின் கார் என்று சலாம் போட்டு விலகாது.

மேடு என்றவுடன் நம்மவர்கள் முகம் சுளிப்பார்கள். அதில் நியாயமும் உண்டு. நமது தெருக்களில் காணப்படுபவை பெரும்பாலும் மேடுகளே அல்ல. ஓர் அடி அகலத்தில் முண்டும் முடிச்சுமாக, வெள்ளைக் கோடும் விளக்குமின்றி, இருட்டில் மனைவியையும் குழந்தையையும் பின்னால் ஏற்றிக்கொண்டு வருகிறவனைத் தூக்கி எறியும் பொறிகள் அவை. இந்திய ரோடு காங்கிரஸ் 1988-லேயே இதற்கு விதி எழுதி வைத்திருக்கிறது: 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம், மெல்ல ஏறி மெல்ல இறங்கும் வளைவு. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவனுக்கு அது ஒரு தாலாட்டு. அதற்கு மேல் போனால்தான் குலுங்கும். இந்த அளவில் எத்தனை மேடுகள் நம் உள்தெருக்களில் இருக்கின்றன? ஒரு குழந்தை அடிபட்ட மறுநாள், தெருவார் காசு சேர்த்து, கொத்தனாரைக் கூப்பிட்டு, ஒரு சட்டி ஸிமெண்டைக் கொட்டிக்கொள்கிறார்கள். சட்டப்படி அது குற்றம். ஆனால் அதை நாம் ஒரு மனுவாகவே கருதுகிறோம். நகரசபை செய்யத் தவறியதைத் தெருவார் தங்களுக்குத் தெரிந்த முறையில் எழுதிக் காட்டியிருக்கிறார்கள். பதில் சொல்லவேண்டிய இலாகா, அடுத்த முறை தார் போடும்போது அதையும் சேர்த்து மூடிவிட்டுப் போகிறது.

மேடு ஒன்றே வழியுமல்ல. தெரு முனைகளில் வண்டி திரும்பும் வளைவை இறுக்கிக் கட்டினால், பெரிய சாலையிலிருந்து வரும் கார் வேகத்தைக் குறைத்துத்தான் திரும்பவேண்டும். நடைபாதையின் உயரத்திலேயே தெருவின் குறுக்கே பாதையைத் தொடர்ந்து கட்டினால், நடப்பவன் சாலையில் இறங்குவதற்குப் பதிலாக வண்டி மேலேறி வரவேண்டியிருக்கும். யாருடைய இடத்தை யார் கடக்கிறார் என்பது அதில் தெளிவாகிறது. தெருவின் வாயிலைக் குறுக்கலாம். வண்டிகள் நிறுத்துமிடத்தை ஒரு பக்கம் கொஞ்சம், மறுபக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி வகுத்தால் நேர் தெரு வளைந்த தெருவாகிவிடும். இதற்கு வேண்டியது வெள்ளைச் சாயம் மட்டுமே. குறுக்கு வழியாகப் பயன்படும் தெருவின் ஒரு முனையில் நாலு கம்பம் நட்டால், நடப்பவரும் சைக்கிளும் போகலாம், கார் ஊடுருவ முடியாது. அத்தெருவாசியின் கார் மறுமுனை வழியாகத் தாராளமாக வரும்.

தெருவை அடைப்பது நமக்குப் புதிதுமல்ல. பங்குனியில் அறுபத்துமூவர் உற்சவத்தன்று மயிலை மாட வீதிகளிலும், சித்திரையில் தேரோட்டத்தன்று மதுரை மாசி வீதிகளிலும் மோட்டார் எங்கே போகிறது? சுற்றிக்கொண்டு போகிறது. வியாபாரம் அழிந்துவிட்டதென்று அன்று எவரும் புலம்பக் காணோம். 2019-ல் தியாகராய நகர் பாண்டி பஜாரில் நடப்பவர்களுக்காகச் சாலையை அகலப்படுத்திக் கொடுத்தபோதும், கடைகள் மூடப்பட்டுவிடும் என்று சொன்னார்கள். அங்கே மாலையில் கூடும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நாம் வேறு சாட்சி சொல்லவேண்டியதில்லை.

நேரம் வீணாகும் என்பது மற்றோர் ஆட்சேபம். வீட்டு வாசலிலிருந்து பெரிய சாலைக்கு அரைக் கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 50-ல் செல்பவனுக்கு 36 விநாடி. 30-ல் செல்பவனுக்கு 60 விநாடி. வித்தியாசம் 24 விநாடி. பெரிய சாலையின் முதல் சிவப்பு விளக்கிலேயே இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். நிமிஷ நேரத்தில் பண்டம் கொண்டுவந்து தருவதாக வாக்களிக்கும் கம்பெனிகளுடைய விஷயம் வேறு. அந்த வாக்கைக் கொடுக்கிறவர் கம்பெனி முதலாளி. அதை நிறைவேற்ற உயிரைப் பணயம் வைக்கிறவன் இருபது வயதுப் பையன். பிடிபட்டால் அபராதமும் அவனுக்கே. எல்லோரும் மெதுவாகத்தான் போகமுடியும் என்று தெருவே அமைந்துவிட்டால் அவனைத் துரத்துகிற கடிகாரமும் சற்று நிதானப்படும்.

சாவுக்கும் காயத்துக்கும் அப்பால் கணக்கில் வராத ஒரு நஷ்டம் உண்டு. அமெரிக்காவில் டொனால்டு ஆப்பிள்யார்டு என்ற நகர நிர்மாணப் பேராசிரியர் ஸான் பிரான்ஸிஸ்கோவில் ஒரே மாதிரியான தெருக்களை ஒப்பிட்டார். நாளொன்றுக்குச் சுமார் 2,000 வண்டிகள் செல்லும் தெருவில் வசிப்பவருக்குத் தெருவிலே சராசரி மூன்று சிநேகிதர்கள். 16,000 வண்டிகள் செல்லும் தெருவில் ஒருவர்கூட நிரம்பவில்லை. (அந்தப் பேராசிரியரே 1982-ல் ஏதென்ஸில் அதிவேகமாக வந்த ஒரு காரால் மாண்டார்.) நமது திண்ணைகள் போனதற்குப் பல காரணங்கள் உண்டு, வாசலில் உட்கார முடியாதபடி தெரு மாறியதும் அவற்றில் ஒன்று. தெருவில் விளையாடிய குழந்தையை வீட்டுக்குள் பூட்டி வைத்துவிட்டு, விபத்துத் தொகை குறைந்ததென்று சந்தோஷப்படுவது நேர்மையான கணக்கல்ல.

இனி, பொறுப்பு யாருடையது? சென்னை கார்ப்பொரேஷன் 1688-ல் ஏற்பட்டது. இந்தியாவில் இதற்கு மூத்தது இல்லை. 1992-ல் நிறைவேறி 1993-ல் அமுலான அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம், சாலைகளை நகரசபைகளுக்கு ஒப்புவிக்கத்தக்க விஷயங்களின் ஜாபிதாவிலே சேர்த்திருக்கிறது. ஆனால் ஸ்தல சுயாட்சியை நாம் மதிக்கும் லட்சணம் எப்படியென்றால், 2016-ல் கௌன்ஸிலின் காலம் முடிந்த பிறகு 2022 பிப்ரவரி வரையில் தேர்தலே நடத்தாமல், ஐந்து வருஷங்களுக்கு மேல் தலைநகரத்தை அதிகாரிகளே ஆண்டார்கள். இதே கார்ப்பொரேஷன் 2014-ல், மோட்டார் அல்லாத போக்குவரத்துக்காக இந்தியாவிலேயே முதன் முதலாக ஒரு கொள்கையை ஏற்று, போக்குவரத்துச் செலவில் நூற்றுக்கு 60 பங்கு நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்று வகுத்தது. கொள்கை எழுதிய கையும் டெண்டர் எழுதும் கையும் வேறு வேறு போலும். தெருவுக்கு மறு தார் போடும் டெண்டரில் இத்தனை மீட்டர் நீளம், இத்தனை சென்டிமீட்டர் கனம் என்று காண்கிறோம். அத்தெருவில் எவ்வளவு வேகம் இருக்கவேண்டுமோ அதற்கேற்ற அமைப்பு என்று ஒரு வரி காண்கிறோமா?

சட்டம் போதவில்லை என்று யாரும் சாக்குச் சொல்ல இடமில்லை. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 198ஏ பிரிவு, சாலையை விதிப்படி அமைக்கத் தவறியதால் சாவோ அங்கஹீனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகாரிக்கும் கண்ட்ராக்டருக்கும் ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. கோயமுத்தூர் எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012-ல் தொடுத்த பொதுநல வழக்கில், நடைபாதை உரிமை ஜீவாதார உரிமையைச் சேர்ந்தது என்று சுப்ரீம் கோர்ட்டு 2025 மே மாதத்தில் கூறிற்று. அதே வருஷம் அக்டோபரில், நடப்பவர்களுக்கும் மோட்டார் அல்லாத வண்டிகளுக்குமான விதிகளை ஆறு மாதங்களுக்குள் இயற்றும்படி எல்லா மாகாண சர்க்கார்களுக்கும் உத்தரவிட்டது. முறிந்த எலும்புகளை ஆயுள் முழுதும் கட்டிக்கொண்டிருந்த ஒரு வைத்தியர், எலும்பு முறியும் இடத்துக்கே சென்று கேள்வி கேட்கவேண்டியதாயிற்று. ஜனப் பிரதிநிதிகள் என்று பெயர் படைத்த நூற்றுக்கணக்கானோர் அக்கேள்வியைக் கேட்கவில்லை.

தெரு வருஷந்தோறும் எப்படியும் தோண்டப்படுகிறது. மழைநீர்க் கால்வாய்க்கு ஒரு முறை, குடிநீர்க் குழாய்க்கு ஒரு முறை, மின்சாரக் கம்பிக்கு ஒரு முறை. தோண்டியதை மூடும்போது முனை வளைவை இறுக்கிக் கட்டுவதற்கும், குறுக்குப் பாதையை உயர்த்துவதற்கும் அதிகப்படியாக ஆகும் செலவு அற்பம். புதிதாகத் தோண்டிச் செய்யத்தான் பணம் வேண்டும். ஆகவே நகரம் முழுவதையும் ஒரே நாளில் மாற்றும் பெரிய திட்டம் எதையும் நாம் கேட்கவில்லை. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் உள்ள தெருக்களில் தொடங்கி, இனி மறு தார் போடும் ஒவ்வொரு குடியிருப்புத் தெருவும் 30 கிலோமீட்டருக்கு ஏற்ற உருவத்தோடே மூடப்படவேண்டும் என்று கௌன்ஸில் ஒரு தீர்மானம் நிறைவேற்றட்டும். வார்டு கமிட்டிகளுக்கும் பகுதிச் சபைகளுக்கும் 2022-ல் விதிகள் வந்திருக்கின்றன. பொது வாழ்வில் ஈடுபட்ட நமது வாசகர்கள் அடுத்த கூட்டத்துக்குச் செல்லும்போது, உத்தரவு நகலைக் கையில் எடுத்துக்கொண்டு போகட்டும். இந்த வருஷம் இந்த வார்டில் எந்தெந்தத் தெருக்களுக்குத் தார் போடப்போகிறீர்கள், அவற்றின் முனைகளுக்கும் குறுக்குப் பாதைகளுக்கும் வரைபடம் போட்டாயிற்றா, போட்டிருந்தால் அதை இங்கே மேஜைமேல் விரித்துக் காட்டுங்கள் என்று எஞ்ஜினீயரைக் கேட்கட்டும்.